பெரியவர் படம் வச்ச இடம்

அந்த ஜன்னலுக்கு மேல ஒட்டியிருக்காங்களே சார், ஆபத்து நேரத்துல கண்ணாடிய எப்படி உடைச்சு வெளிய வரணும்னு, அதப் படிச்சீங்களா? படிச்சிருக்க மாட்டீங்க. யாருமே படிக்க மாட்டாங்க. பூராவும் பொடி எழுத்து, அதுலயும் பாதிய மூலம் பவுத்திரம் நோட்டீஸ் மறைச்சிருக்கு. என் வீட்டுக்காரம்மா இந்த பஸ்ஸுல ஏறுனா, முதல்ல அதத்தான் பாப்பா. "வண்டி கவுந்துச்சுன்னா இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நம்ம கதையே முடிஞ்சுரும்"பா. நான் சொல்வேன், எழுத்துக்கு ஒரு நிழல் குடுத்து, சுத்தி மஞ்சள்ல ஒரு பார்டர் போட்டா எடுப்பா இருக்கும்ல இந்துன்னு. அதுக்கு ஒரு மொறை மொறைப்பா பாருங்க, நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிரலாமான்னு யோசிப்பேன்.

வேடசந்தூர் வரைக்கும் தான சார்? நானும் அங்கதான். கேட்டு போட்டுட்டான், ரயில் வந்து போயி வண்டி எடுக்க நேரமாகும். சொல்றேன் கேளுங்க. நீங்க ஒரு பொது மனுஷன், உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும்.

நான் ராஜாங்கம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ராஜாங்கம் டிஜிட்டல்ஸ்னு ஃப்ளெக்ஸ் கடை. நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க, கடைய இல்லேன்னாலும் என் கை வேலைய. இந்தப் பக்கம் காதுகுத்து, கல்யாணம், சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எது நடந்தாலும் என் ஃப்ளெக்ஸ் இல்லாம நடக்காது. ஃப்ளெக்ஸ் அடிக்கிறதுல ஒரு தர்மம் இருக்கு சார். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு ஏதோ படத்த அள்ளிக் கொட்டுன மாதிரித் தெரியும். அப்படியில்ல. தலைவர் தலை பெருசா மேல, மாவட்டம் அதுக்குக் கொஞ்சம் கீழ, வட்டம் அதவிடச் சின்னதா, காசு குடுத்தவன் கீழ நின்னு கும்பிடணும். ஒரு தலை அரை இஞ்சு கூடிருச்சுன்னா ஊருல வெட்டுக்குத்து ஆயிரும். எத்தனை பேரு தலைய இந்தக் கை அளந்து வச்சிருக்குன்னு எனக்கே தெரியாது.

அடுத்தது, எடத்த வெறுமனே விடக்கூடாது. நாங்க சதுர அடிக்குக் காசு வாங்குறோம். காசயும் வாங்கிட்டு ரெண்டு அடிய வெள்ளையா விட்டா அது மோசடியா இல்லையா, நீங்களே சொல்லுங்க. எலைக்குக் காசு வாங்கிட்டு பாதி எலைல ஒண்ணும் வைக்காம விடுவானா? நான் ஒரு தாமரை வைப்பேன், ரெண்டு புறா வைப்பேன், ஒண்ணும் கிடைக்கலையா, நாலு நட்சத்திரமாச்சும் தூவி விடுவேன். கொண்டு போறவனுக்கு மனசு நெறையணும்.

இதுல என் வீட்டுக்காரம்மா எனக்கு நேர் எதிர். அவளும் டிசைன் தான். ஆனா அவளுக்கு இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்னு பேரு. அந்தப் பேரச் சொல்லிப் பழகவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. என்னன்னு கேட்டா, ஒரு வேலையத் தெரியாத ஆளு, பக்கத்துல சொல்லித்தர யாரும் இல்லாம, ஒரு தாளப் பாத்தே அந்த வேலைய சரியாச் செய்யணுமாம். அந்தத் தாள்ல எது எங்க இருக்கணும், எது முதல்ல கண்ணுல படணும், எது எதுக்குப் பக்கத்துல நிக்கணும், இதெல்லாம் யோசிக்கிறதுதான் வேலை. மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுக்கு வீட்ல இருந்தே பாடம் பாடமாச் செஞ்சு குடுத்துட்டு இருந்தா. அத்தனையும் கம்பெனி பேருல போகும். அவ பேரு எங்கயும் வராது. அதுல அவளுக்கு ஒரு ஆத்தாமை உண்டு, வெளிய சொல்லமாட்டா.

வீட்ல எங்க சண்டையக் கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. மத்த வீட்ல புருஷன் பொண்டாட்டி வெங்காய வெலைக்குச் சண்டை போடுவாங்க, நாங்க செவப்புக்குச் சண்டை போடுவோம். "ஒரு தாள்ல ஒரு எடத்துலதாங்க செவப்பு இருக்கணும். எல்லாமே செவப்பா இருந்தா எது முக்கியம்னு எப்படித் தெரியும்"பா. எல்லாமே முக்கியம்னுதான சார் காசு குடுக்குறான்? அப்புறம் படம் ஒரு மூலைல, அதுக்கான எழுத்து இன்னொரு மூலைல இருக்கக்கூடாதாம், சேந்து வேலை செய்யுறது சேந்துதான் இருக்கணுமாம். எல்லாம் ஒரே கோட்டுல நிக்கணுமாம். நான் கொஞ்சம் சாய்ச்சு வச்சா ஒரு வேகம் தெரியுமேன்னேன். "பாக்குறவன் கண்ணு தடுக்கி விழும்"னா. கண்ணு எங்கயாவது தடுக்கி விழுமா?

அவ பெருசா மதிக்கிறது என்ன தெரியுமா? வெத்து எடம். ஒண்ணுமே இல்லாத எடம். அத ஒரு மணி நேரம் உக்காந்து வடிவமைப்பா சார். நான் டீ கொண்டுபோயி வச்சுட்டு, "என்னம்மா, ஒண்ணுமில்லாதத இன்னும் முடிக்கலையா?"ன்னு கேட்டுட்டு ஓடிவந்துருவேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

வேடசந்தூர் பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லு. பேரு வேணாம். அங்க பஞ்சச் சீவுற மெஷின் இருக்கு, கார்டிங்னுவாங்க. உள்ள ஒரு பெரிய டிரம்மு, மேலெல்லாம் ஊசி ஊசியா கம்பி முள்ளு. அதுல என்ன சங்கடம்னா, சுவிட்ச அமத்தினாலும் டிரம்மு உடனே நிக்காது. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும், நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம். புது மெஷின்ல கதவு தானாப் பூட்டிக்கும். இது பழசு. போன வருஷம் ஒரு பொண்ணு சுவிட்ச அமத்திட்டு, சிக்குன பஞ்ச எடுக்கலாம்னு உடனே கதவத் திறந்து கைய விட்டுருச்சு. விரல் போயிருச்சு சார். சின்னப் பொண்ணு.

அதுல இருந்து மில்லுக்காரங்களுக்கு பயம். வேலைக்கு வர்றதுல பாதிப்பேரு ஒடிசாப் பிள்ளைங்க. தமிழ் தெரியாது, எழுத்தும் எல்லாருக்கும் தெரியாது. அதனால பாத்த ஒடனே புரியுற மாதிரி ஒரு சார்ட்டு மெஷினுக்குப் பக்கத்துல மாட்டணும். இந்துவ யாரோ சொல்லிவிட்டு, சின்ன முதலாளி கூப்பிட்டுப் பேசுனாரு. முதல்ல இந்த ஒரு சார்ட்டு. புதுசா வந்த பிள்ளைங்கள வச்சு சோதிச்சுப் பாப்பாங்க. அது தேறுச்சுன்னா மில்லோட மொத்தப் பயிற்சிப் பாடமும் அவளுக்கு, அவ பேருலயே. தேறலன்னா மறுபடி மெட்ராஸ் கம்பெனிதான். அவ அந்த மாசம் பூராவும் சரியாச் சாப்பிடல சார். மில்லுக்குப் போவா, அந்த மெஷின் முன்னாடி நின்னு பாப்பா, வந்து வரைவா, கிழிப்பா.

கடைசில என்ன செஞ்சான்னா, மேல ஒரு கை சுவிட்ச அமத்துது. கீழ ஒரு கை கதவத் திறக்குது. நடுவுல ஒரு முழத்துக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நட்ட நடுவுல சின்னதா ஒரு டிரம்மு, அதுக்குப் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு நிக்கிற ஒரு பொண்ணு. அம்புட்டுத்தான். இதுக்கா ஒரு மாசம்னு கேட்டேன். "மேல இருந்து கீழ வர்றப்ப கண்ணு இங்க வந்து நிக்கணுங்க. அந்தப் பொண்ணும் நிக்கணும்"னா. நான் தலைய ஆட்டிட்டேன். வாக்குவாதம் பண்ணி யாரு ஜெயிக்கிறது.

பிரிண்ட்டு என் கடைலதான். அந்த வாரம் அவ தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து, நத்தத்துக்குப் போயிட்டா. "இருக்குற மாதிரியே அடிச்சு நேரா மில்லுக்குக் கொண்டு வந்துருங்க, நான் அங்கயே வந்துர்றேன்"னா. நானும் அப்படியே அடிக்கலாம்னுதான் சார் உக்காந்தேன். திரைல அத விரிச்சு வச்சா மனசு கேக்கல. அவ்வளவு பெரிய எடம் பொட்டலா கெடக்கு. மில்லுக்காரன் பாத்தா என்ன நினைப்பான், காச வாங்கிட்டு பொம்பள வேலை செய்யலைன்னு நினைக்கமாட்டான்? அவளுக்குத்தான கெட்ட பேரு?

அப்பதான் பெரியவர் ஞாபகம் வந்துச்சு. மில்ல ஆரம்பிச்ச முதலாளி. போன வருஷம்தான் தவறுனாரு. அவருக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிச்சதே நாந்தான், படம் நல்ல தரத்துல என் கம்ப்யூட்டர்லயே கெடக்கு. சின்ன முதலாளிக்கு அப்பான்னா உசிரு. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பொருத்தம்? நட்டநடுவுல பெரியவர் சிரிச்ச முகம், பின்னால ஒரு ஒளிவட்டம், கீழ தங்க எழுத்துல 'என்றும் உங்கள் வழியில்'. அந்த டிரம்மையும் கையக் கட்டுன பொண்ணையும் எறிஞ்சுட்டேன்னு நினைச்சுறாதீங்க, அப்படிப்பட்ட ஆளில்ல நான். அழகா வலது பக்க மூலைல எடம் குடுத்தேன். சுத்தி ஒரு பார்டர். இந்து வந்து பாத்தா அசந்துருவான்னு நினைச்சேன்.

அசந்துதான் போனா. மில்லுல சார்ட்ட விரிச்சு மாட்டுறேன், காதுகுத்துல இருந்து பட்டுச்சேலையோட அப்படியே வந்து நிக்கிறா. மொகத்துல ரத்தமே இல்ல. "என்னங்க இது?"ன்னா மெதுவா. நான் சொல்றதுக்குள்ள சின்ன முதலாளி வந்துட்டாரு. சார்ட்டப் பாத்தாரு. அப்படியே நின்னாரு. "அப்பா"ன்னாரு சார். நான் இந்துவப் பாத்தேன், எப்படின்னு கண்ணாலயே கேட்டேன். அவ என்னப் பாக்கவே இல்ல.

சோதனைக்கு அவ ஏற்கெனவே ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தா. கதவுல கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒரு பூட்டு. யாரு இழுத்தாலும் திறக்காது. டிரம்மு நிக்கிறதுக்கு முன்னாடி கை கைப்பிடிக்குப் போகுதா இல்லையாங்கிறதுதான் பாக்கணும். சேஃப்டி ஆபீசரு தனசேகர் பிள்ளைங்கள ஒவ்வொண்ணாக் கூட்டிட்டு வந்தாரு. யாருக்கும் ஒண்ணும் சொல்லல, சார்ட்டக் காட்டி, இதுல உள்ளபடி செய்யின்னு சைகை மட்டும்.

முதல்ல வந்தது மினதின்னு ஒரு பொண்ணு. மேல பாத்தா, சுவிட்ச அமத்துனா. அடுத்து நடுவுல பாத்தா. பாத்துட்டு என்ன பண்ணுனா தெரியுமா? செருப்பக் கழட்டி ஓரமா வச்சா. கண்ண மூடுனா, கையக் கூப்புனா, வாய்க்குள்ள என்னமோ முணுமுணுன்னு சொல்றா, சொல்றா, சொல்லிக்கிட்டே இருக்கா. அப்புறம் பெரியவர் காலத் தொட்டுக் கும்பிடணும்னு தேடுனா, நான் இடுப்பு வரைக்கும்தான் வச்சிருந்தேன், அதனால ஒளிவட்டத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. இதெல்லாம் முடியுறதுக்குள்ள டிரம்மு நின்னே போச்சு. அதுக்கப்புறம்தான் போயிக் கதவ இழுத்தா.

இப்ப நீங்க நியாயமாச் சொல்லுங்க சார். காத்திருந்தாளா, இல்லையா? டிரம்மு நின்ன பெறகுதான் கைய வச்சாளா, இல்லையா? யாரால? என் படத்தாலதான? இந்து வச்ச வெத்து எடத்துக்கு முன்னாடி எவளாவது செருப்பக் கழட்டுவாளா? சின்ன முதலாளி கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. நான் அவரு பக்கத்துலயே போயி நின்னுக்கிட்டேன்.

ரெண்டாவது வந்தவ ரஷ்மி. புதுசாக் கல்யாணம் ஆகி, புருஷனோட இங்க வேலைக்கு வந்தவ. வாத்துக்கூட்டத்துல முதல் வாத்து மாதிரி ஒரு துறுதுறுப்பு. சுவிட்ச அமத்துனா. பெரியவர ஒரு பார்வை பாத்தா, யாரோ பெரிய மனுஷன்னு. அம்புட்டுத்தான், நேராக் கீழ, கதவத் திறக்குற கையப் பாத்தா, விறுவிறுன்னு போயி கைப்பிடியப் புடிச்சு இழுத்தா. டிரம்மு உள்ள ஹோன்னு சுத்திக்கிட்டு இருக்கு. பூட்டு இருக்குறதால திறக்கல. சிக்கிருச்சு போலன்னு நெனச்சு, ரெண்டு கையாலயும் இன்னும் பலமா இழுக்குறா.

தனசேகர் போயி அவளப் புடிச்சு நிப்பாட்டுனாரு. அதுக்கு நான் என்ன சார் பண்றது? பக்தி இல்லாத பிள்ளை. பத்துப் பேர்ல ஒண்ணு அப்படி இருக்கத்தான் செய்யும். சின்ன முதலாளியும் அதத்தான் சொன்னாரு. "இது அவசரக்குடுக்கை. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு நாம வாயால கண்டிச்சு சொல்லிருவோம். சார்ட்டு பிரமாதமா இருக்கு, எல்லா யூனிட்டுக்கும் இதையே போட்டுருங்கம்மா"ன்னாரு.

முடிஞ்சது சார் காரியம். வேலை கிடைச்சாச்சு. அவ பேருல, மொத்தப் பாடமும். சரிங்க சார்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?

"வேண்டாம் சார்"ங்கிறா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அப்பா படம் வேண்டாமா?"ன்னு கேக்குறாரு அவரு. குரல் மாறிப்போச்சு. "அப்பா படம் கேட்ல இருக்கட்டும் சார், ஆபீஸ்ல இருக்கட்டும். இந்த எடத்துல வேண்டாம். இது அந்தப் பொண்ணு நிக்கிறதுக்கான எடம். இதோட என்னை விட்டுட்டாலும் பரவால்ல, இந்த சார்ட்ட என்னால மாட்ட முடியாது"ன்னுட்டா. யாரு இந்தப் படத்த வச்சதுன்னு கேட்டாரு. நான் நின்ன எடத்துலயே வேர்த்துட்டேன். அவ என் பக்கம் திரும்பக்கூட இல்ல. "என் பொறுப்புல வந்த சார்ட்டு சார். பாக்காம விட்டது என் தப்பு"ன்னா. சும்மா நிக்கப் பிடிக்காம, "வேணும்னா அய்யா படத்தக் கொஞ்சம் சின்னதாக்கிருவோம் சார்"னு நான் ஒரு யோசனை சொன்னேன். யாரும் அதக் காதுல வாங்குன மாதிரித் தெரியல.

அப்புறம் அவ செஞ்சதுதான் இருக்கே. சொவத்துல இருந்த மில்லு காலண்டர்ல போன மாசத் தாளக் கிழிச்சா. முதுகுப்பக்கம் வெள்ளைதான? தனசேகர்கிட்ட கத்தரியும் டேப்பும் கேட்டா. மூலைல நான் வச்ச அந்த டிரம்மையும் கையக் கட்டுன பொண்ணையும் வெட்டி எடுத்தா. அந்த வெள்ளைத் தாளக் கொண்டுபோயி, மகன் நிக்க, மகன் கண்ணு முன்னாடியே, பெரியவர் மொகத்து மேல வச்சு ஒட்டிட்டா சார். அதுக்கு மேல நடுவுல அந்தச் சின்னப் படத்த ஒட்டுனா. ஒட்டிட்டு, "அடுத்தவங்களக் கூப்பிடுங்க"ன்னா.

மூணாவதா நாகஜோதின்னு குஜிலியம்பாறைப் பொண்ணு. தமிழ்ப் பொண்ணுதான், ஆனா மில்லுக்குப் புதுசு. சுவிட்ச அமத்துனா. மேல இருந்து கண்ணு கீழ வந்துச்சு. அந்த வெள்ளைல வந்து நின்னுச்சு. டிரம்மு படத்தப் பாத்தா. திரும்பி மெஷின்ல டிரம்மப் பாத்தா. மறுபடி படத்தப் பாத்தா. அப்புறம் படத்துல இருக்குற பொண்ணு மாதிரியே கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டா.

அவ நிக்க, நாங்களும் நின்னோம். பேசாம நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். டிரம்மு சத்தம் கொஞ்சங்கொஞ்சமா எறங்குது. எறங்கி, முனங்கி, நிக்கிது. அப்புறம்தான் அந்தப் பிள்ளை கையப் பிரிச்சு, போயிக் கதவத் தொட்டுச்சு.

சின்ன முதலாளி ரொம்ப நேரம் அந்த வெள்ளைத் தாளவே பாத்துட்டு நின்னாரு. "போன வருஷம் விரல் போன பிள்ளையப் பாக்க ஆஸ்பத்திரிக்கு அப்பாதான் போனாரு. வந்து ரெண்டு நாள் சாப்பிடல"ன்னாரு. அப்புறம் இந்துகிட்ட, "இதையே வச்சுக்கங்கம்மா. மத்த பாடமும் நீங்களே பண்ணிருங்க. பிரிண்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நீங்களே ஒரு தடவை பாத்துருங்க"ன்னாரு. அது பொதுவாச் சொன்னது சார். என்னைச் சொல்லல.

திரும்பி வர்றப்ப வண்டில நான் முன்னாடி, அவ பின்னாடி. வேலை கிடைச்சிருக்கு, ஒரு சந்தோஷம் வேணும்ல? ஒண்ணுமே பேசாம வர்றா. சரி, கோவத்துல இருக்கா, நாமதான் எடுத்துச் சொல்லிப் புரிய வைக்கணும்னு நான் ஆரம்பிச்சேன். அந்த மினதி நின்னாளா இல்லையா, அத யாரும் கணக்குல எடுத்துக்கலையே, ரஷ்மி ஒருத்திய வச்சு என் வேலைய முடிவு பண்ணலாமா, ஒளிவட்டத்த இன்னும் கொஞ்சம் பெருசா வச்சிருந்தா அவளும் நின்னிருப்பாளேன்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தேன். அவ என் தோள்ல கை வச்சிருந்தா. அந்தக் கை என் சட்டையக் கொத்தாப் புடிச்சிருந்துச்சு. வேகத்துக்குப் பயப்படுறான்னு நெனச்சு, வண்டிய மெதுவா ஓட்டுனேன்.

மேம்பாலம் ஏறுறப்ப வாயத் தொறந்தா. "ஏங்க, அந்த ரஷ்மி கைல முழங்கை வரைக்கும் மருதாணி இருந்துச்சே, செவப்பா, பாத்தீங்களா?"ன்னு கேட்டா.

நான் பாக்கல சார். அவ கைப்பிடியப் போட்டு அந்த இழு இழுக்குறப்ப, நான் பெரியவர் படத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.